தக்சாயினி சொல்லி வந்தவர்கள்

குருநகர்
14 யூன் 2025

ஓம். அம்மாவின் பெயர்தான்.

நீ தொலைபேசியில் கேட்டபோது 'எந்த மரியநாயகி' என்று திருப்பிக் கேட்டேன். நீ வைத்துவிட்டாய். நல்லது. இன்னும் இரண்டு விநாடி இருந்திருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். என் இலக்கத்தை நீ தடுத்துவிட்டாய் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் மின்னஞ்சல்.

எங்கள் கடை கடற்கூடையின் இணையப் பக்கத்தில் வந்த படத்தை நீ பார்த்திருக்கிறாய். 'இந்த ஆண்டு எங்களிடம் அதிகம் பேரை அழைத்து வந்தவர்: மரியநாயகி, நோர்வே.' முகம் இல்லை. முகத்தின் இடத்தில் ஒரு இறால். அதை வடிவமைத்தது நான். இறாலுக்கு மேல் அம்மாவின் பெயர்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எங்கே ஒளிக்கிறேன் என்று எனக்கே தெரியவரும்.

பிரகாஸ் அண்ணை கருவாடும் மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் வெளிநாட்டுக்கு விற்கிறார். நான் அவருடைய இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆட்களை அழைத்து வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தனி லிங்க். லிங்கின் வாலில் அவருடைய பெயர். யாராவது அதை அழுத்தி உள்ளே வந்து வாங்கினால் பத்தில் ஒரு பங்கு அந்தப் பெயருக்குப் போகும். லிங்கை அழுத்தாமல் கடையின் பெயரைத் தாங்களே தேடி வருகிறவர்கள் 'நேரடி' என்ற பட்டியலில் விழுவார்கள். அந்தப் பட்டியல் ஒருவருக்கும் சொந்தமில்லை.

போன ஒக்டோபரில் அம்மாவின் பெயரில் ஒரு லிங்க் உண்டாக்கினேன். ஊர் என்ற இடத்தில் ஒஸ்லோ என்று அடித்தேன். பிறகு கடையின் முகப்புப் பக்கத்துக்குள் ஒரு கட்டளை வரி சேர்த்தேன். பெயரில்லாமல் வந்தவர்கள் எல்லாரும் அந்த வரியைத் தாண்டும்போது அம்மாவின் பெயரை ஒட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்தப் பங்குக் காசு என் கைக்கு வந்தது.

ஒருவருடையதையும் நான் எடுக்கவில்லை. ஒருவருடையதும் இல்லாததைத்தான் எடுத்தேன்.

பொதி அறையில் இறால் தெரிந்தெடுக்கிற அம்மாவை எல்லாரும் பேபியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவவின் ஞானஸ்நானப் பெயர் மரியநாயகி என்று கடையில் ஒருவருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். நாங்கள் படிக்கிற காலத்தில், மூன்றாம் வருஷம், நான் சோதனை எழுதப் போன நாளில், அம்மாவுடன் ஆசுபத்திரியில் இருந்தது நீ. படிவத்தில் அந்தப் பெயரை எழுதியதும் நீ.

வெட்கமாக இருக்கிறது. இந்த வசனத்தை மூன்று தரம் அழித்துவிட்டு எழுதுகிறேன்.

லவீ

*

வட்டுக்கோட்டை
17 யூன் 2025

லவீனா,

ஒருவருடையதையும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி, அது உனக்கும் உன் முதலாளிக்கும் உள்ள விஷயம். அம்மாவின் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கேட்க வந்தது வேறு. அதைக் கேட்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போது கேட்கிறேன், ஆறுதலாக வாசி.

நான் படிப்பித்த ரியூசன் நிலையத்தை மூடின பிறகு ஜனவரியில் நீதான் சொன்னாய்: 'தக்சா, உனக்கு வெளியில நிறையச் சனம் இருக்கு. லிங்க் தாறன், அனுப்பிப் பார்.' நான் ஒரு கொப்பி வாங்கி ஐம்பத்திரண்டு பெயர் எழுதினேன். கோகுலனின் பக்கத்துச் சொந்தம், என் பக்கத்துச் சொந்தம், பள்ளிக்கூடச் சிநேகிதிகளின் மாமிமார் வரைக்கும். லிங்கை அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒவ்வொரு அழைப்புக்கும் முதல் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். எனக்கு ஆட்களிடம் ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். எல்லாரும் 'ஓம் பிள்ளை, கட்டாயம் எடுக்கிறம்' என்றார்கள்.

மாதம் முடிய நீ அறிக்கை அனுப்புவாய். தக்சாயினி: 1. தக்சாயினி: 0. தக்சாயினி: 2. தக்சாயினி: 0. தக்சாயினி: 0. ஐந்து மாதத்தில் மூன்று பேர்.

கோகுலன் சொன்னார்: 'உன்ரை முகத்துக்கு ஒரு நெத்தலியும் விலைப்படாது போல கிடக்கு.' பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு கொப்பியை எடுத்து, சொல்லிவிட்டு வாங்காதவர்களின் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். நாற்பத்தொன்பது பெயர்.

அதில் ஒன்று கேதீஸ்வரி மச்சாள். கோகுலனின் தமக்கை. ஏப்ரலில் லண்டனில் இருந்து கதைக்கும்போது, 'உன்னட்டை மூண்டு தரம் எடுத்திட்டன், அந்தத் தூள் நல்ல தூள்' என்றா. உன் அறிக்கை என் மடியில் இருந்தது. 'எடுக்காட்டி எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோவன் மச்சாள். ஏன் பொய் சொல்லுறியள்?' என்று கேட்டுவிட்டேன். கோகுலன் பக்கத்தில் நின்றார். மச்சாள், 'கருவாட்டுக்குப் பொய் சொல்லுற நிலைமைக்கு நான் இன்னும் வரேல்லைத் தக்சா' என்று சொல்லி வைத்துவிட்டா.

ஓகஸ்டில் அவவின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. எங்கள் வளவில்தான் பந்தல் என்று இருந்தது. இப்போது ரவுணில் மண்டபம் எடுத்திருக்கிறார்களாம், தங்குவதும் விடுதியிலாம். தாய்மாமனாக நின்று தேங்காய் உடைக்க வேண்டியவர் கோகுலன். அந்த இடத்தில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நிற்பார் என்று மூன்றாம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். கோகுலன் என்னை ஒன்றும் ஏசவில்லை. சாப்பிட வா என்றால் வருகிறார். ஏசினால் நல்லது.

கேள்வி இதுதான். மச்சாள் வாங்கினாவா? உன்னுடைய அந்த நேரடிப் பட்டியலில் அவவின் பெயர் இருக்கிறதா? ஓம் அல்லது இல்லை. எனக்கு ஒரு சொல் போதும்.

தக்சாயினி

*

குருநகர்
25 யூன் 2025

தக்சா,

பிந்திவிட்டது. மன்னித்துக்கொள்.

வாங்கியிருக்கக்கூடும். லண்டனில் இருந்து நேரடியாக வந்த ஓடர்கள் நிறைய. பழைய பதிவுகளைத் தேடவேண்டும். எங்கள் ஆட்கள் லிங்கை அழுத்தமாட்டார்கள். அழுத்தினால் வங்கியில் இருக்கிற காசு போய்விடும் என்று யாரோ ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார். கடையின் பெயரைத் தாங்களே அடித்துத் தேடி வருகிறார்கள். அப்படி வந்தால் உன் பெயர் ஒட்டாது. அதனால் மச்சாள் வாங்கியிருக்கக்கூடும்.

இங்கே இன்னொன்று நடக்கிறது.

பிரகாஸ் அண்ணை நேற்று என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, 'உந்த நோர்வே அம்மாவை ஒருக்கா வீடியோவில கதைக்கச் சொல்லும். தமிழ் கொஞ்சம் பிழைச்சாலும் பரவாயில்லை. சனத்துக்கு அதுதான் பிடிக்கும்' என்றார். அவவுக்கு வெட்கம் கூட என்று சொன்னேன். 'வெட்கப்படுற ஆள் இவ்வளவு பேரைப் பிடிக்குமே?' என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருமுவது கேட்டது. மிளகாய் அரைத்த நாள்.

அம்மாவுக்கும் செய்தி போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து, 'பிள்ளை, என்ரை பேரிலை நோர்வேயில ஒராள் இருக்கிறாவாம். எங்கடை கடைக்கு அவதான் பெரிய உதவியாம்' என்றா. முகம் மலர்ந்து இருந்தது. பொதி அறையில் ஒருவருக்கும் சொல்லவில்லையாம். 'பேபியெண்டு கூப்பிடுறதுகள் சிரிக்குங்கள்.'

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தப் பெண்ணுக்காக மன்றாடினாவாம். குளிர் நாட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று.

நான் பக்கத்தில்தான் முழங்காலில் இருந்தேன். ஆருக்காக மன்றாடுகிறா என்று எனக்குத் தெரியாது.

லவீ

*

வட்டுக்கோட்டை
28 யூன் 2025

லவீனா,

ஓம் அல்லது இல்லை என்று கேட்டேன். நீ கூடும் என்கிறாய், இரண்டு தரம். உனக்கு எட்டு நாள் எடுத்திருக்கிறது.

இன்றைக்குக் காலையில் கொப்பியை எடுத்து, வெட்டிய பெயர்களில் ஒன்றைக் கூப்பிட்டேன். பாரிஸில் இருக்கிற கனகாம்பிகை அன்ரி. வெட்டின பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குசலம் விசாரித்துவிட்டு, மெல்லக் கேட்டேன். அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'நாலு தரம் எடுத்தனான் பிள்ளை. உன்ரை பேரையும் ஒவ்வொருக்கா எழுதினனான்.'

'எங்கை அன்ரி எழுதினீங்கள்?'

'அதிலை கீழை ஒரு பெட்டி இருக்கெல்லே. அதுக்குள்ளை. ஆர் சொல்லி வந்தனாங்கள் எண்டு சொல்லாமல் ஒரு கடைக்குள்ளை போறதே?'

லவீனா, எந்தப் பெட்டி?

தக்சாயினி

*

குருநகர்
29 யூன் 2025

தக்சா,

ஓடர் போடுகிற பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம். 'பொதியை மழையில் வைக்க வேண்டாம்' என்று எழுதுவார்கள் என நினைத்துத்தான் அதை வைத்தோம். எங்கள் சனம் அதில் ஆளின் பெயரை எழுதியது. யார் சொல்லி வருகிறோம், யாருடைய மகள், எந்த ஊர். கணினி அதை வாசிக்காது. லிங்கின் வாலை மட்டும்தான் வாசிக்கும்.

நான் வாசிப்பேன். ஒவ்வொரு ஓடரையும் பொதி அறைக்கு அனுப்ப முதல் நான்தான் வாசிக்கிறேன்.

கீழே இருப்பவை அப்படியே.

'தக்சாயினி ரீச்சர் சொன்னவ. தூள் உறைப்புக் கூட வேணும்.'

'வட்டுக்கோட்டைக் கோகுலனின்ரை மனிசி சொல்லி எடுக்கிறம். நெத்தலிக்குத் தலை கிள்ளித் தரவும்.'

'தக்சா கோல் எடுத்துக் கேட்டவ. பாவம், முதல் தரமாக் கேட்டது. அதுக்காக எடுக்கிறன்.'

'லிங்க் அமத்தப் பயமாக் கிடக்கு. என்ரை தம்பியின்ரை மனிசி தக்சாயினியின்ரை பேரிலை போடுங்கோ. கேதீஸ்வரி, லண்டன்.'

கடைசியாக இருப்பது பெப்ரவரி 9. அதே குறிப்பு மார்ச்சில் இரண்டு தரம். இரண்டாவதில், 'போன முறையும் எழுதினனான், அவவின்ரை பேரிலை போட்டியளோ?' என்று கேட்டிருக்கிறா. போட்டோம் என்று பதில் அனுப்பினேன்.

உன் பெயர் எழுதின குறிப்பு எல்லாமாக நாற்பத்தொன்று.

ஒக்டோபரில் அந்த வரியை எழுதியபோது நான் சொன்னது உண்மை. அப்போது அது ஒருவருடையதும் இல்லை. அம்மாவின் கண்ணாடிக்கு என்று தொடங்கினேன். கண்ணாடி நவம்பரிலேயே வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு வரியை எடுக்க ஒரு காரணமும் வரவில்லை. எனக்கு ஒரு புதுத் தொலைபேசி வாங்கினேன். இந்தக் கடிதத்தை அதில்தான் அடிக்கிறேன்.

ஜனவரியில் பட்டியல் நிரம்பத் தொடங்கியது. உன் ஆட்கள். முதல் வாரமே பிரகாஸ் அண்ணையிடம் கேட்டேன், பெயரை எழுதி வருகிறவர்களையும் சேர்ப்போமா என்று. 'லிங்க் இல்லாட்டி கணக்கில்லை. வாயால சொல்லுறதை நம்பினால் கடை நடத்தேலாது' என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. உன்னிடம் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். 'அழுத்தச் சொல்லு, பயமில்லை எண்டு சொல்லு.' அவ்வளவுதான். சொன்னால் அம்மாவின் பட்டியல் காலியாகிவிடும்.

மார்ச்சில் நீ கூப்பிட்டாய். ஞாபகம் இருக்கும். 'லவீ, என்னிலை ஏதும் பிழையோ? நான் கேக்கிற விதம் சரியில்லையோ?' என்று கேட்டாய். திரையில் உன் பெயர் எழுதின குறிப்பு ஒன்று திறந்திருந்தது. தலை கிள்ளின நெத்தலி. நான் சொன்னேன்: 'சனம் அப்பிடித்தான் தக்சா. சொல்லும், செய்யாது.'

பூச்சியத்தைக் கணினி போடவில்லை. அறிக்கையை ஒவ்வொரு மாதமும் கையால் அடித்தேன்.

கேதீஸ்வரி அக்கா பொய் சொல்லவில்லை. ஓம். அதுதான் நீ கேட்ட சொல். பன்னிரண்டு நாள் பிந்திவிட்டது. இல்லை. ஐந்து மாதம்.

அவவுக்கு நானே எழுதுகிறேன். முகவரி என்னிடம் இருக்கிறது. நீ சரி என்றால் இன்றே அனுப்புவேன்.

லவீ

*

வட்டுக்கோட்டை
4 யூலை 2025

லவீனா,

எழுத வேண்டாம். எழுத்தில் நீ நல்லாய் இருப்பாய். வெட்கத்தைக்கூட வடிவாக எழுதுகிறாய், வாசித்து முடிக்கும்போது உனக்காகப் பாவப்படத் தோன்றுகிறது. அந்தப் பாவத்தை மச்சாளும் உனக்குத் தரவேண்டாம்.

அந்த நாலு குறிப்பையும் நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். 'பாவம், முதல் தரமாக் கேட்டது.' அது ஆர் என்று எனக்குத் தெரியும். அவவின் மகனுக்குக் கலியாணம் நடந்தபோது நான் வாழ்த்தும் சொல்லவில்லை.

உன் கடிதத்தைக் கோகுலனிடம் காட்டினேன். வாசித்துவிட்டுத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். 'அப்ப அக்கா எடுத்திருக்கிறா' என்றார். கிணற்றடிக்குப் போய்விட்டார்.

உன்னை மட்டும் ஏசினால் எனக்குச் சுகம். ஆனால் நான் உன் பூச்சியத்தை நம்பினேன், மச்சாளின் வாயை நம்பவில்லை. பதினொரு வருஷம் தெரிந்த வாய். உன் அறிக்கையில் கோடு போட்டு, நிரல் போட்டு இருந்தது, அதனால் நம்பினேன். அந்த வெட்கம் என்னுடையது, அதை நீ உன் கடிதத்துக்குள் எடுத்துக்கொள்ளாதே.

மச்சாள் பதினெட்டாம் தேதி வருகிறா. ரவுணில், ஆசுபத்திரி வீதிப் பக்கம் ஒரு விடுதி. பெயரைத் தனியாக அனுப்புகிறேன். நீ நேரே போ. போய் வாயால் சொல்லு. தாள் கொண்டு போகாதே, தொலைபேசியைத் திறந்து காட்டாதே. நாங்கள் வரமாட்டோம். நாங்கள் வந்தால் எங்கள் முகத்துக்காக அவ உன்னை விட்டுவிடுவா. நீ சொன்ன பிறகு அவ கூப்பிட்டால் வருவோம், கூப்பிடாவிட்டால் அதுவும் சரி.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? சொல்லாமல் மச்சாளிடம் போகாதே. அவவின் பெயர்.

தக்சாயினி

*

குருநகர்
21 யூலை 2025

தக்சா,

வடிவாக எழுதாமல் எழுதப் பார்க்கிறேன்.

வியாழன் பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அவவுக்கு லிங்க் விளங்கவில்லை. இரண்டு தரம் சொன்னேன். பிறகு, 'கடைக்குப் பேர் சொல்லி வந்த ஆக்களின்ரை வாயிலை இருந்த பேரை எடுத்துப்போட்டு என்ரை பேரை வைச்சிருக்கிறாய்' என்றா. நான் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது.

'அப்ப நோர்வேயில ஒருத்தரும் இல்லையோ?'

'இல்லை அம்மா.'

'நான் ஆருக்கு மண்டாடினனான்?'

அடுத்ததையும் அம்மாவே கேட்டா.

'ஆசுபத்திரியில என்னோடை இருந்த பிள்ளையின்ரையோ எடுத்தனி?'

'ஓம்.'

அம்மா அலுமாரியில் இருந்த தன் வங்கிப் புத்தகத்தை எடுத்து, கடைக்குத் திருப்பிக் கட்டச் சொல்லி என் முன்னால் வைத்தா. வெள்ளிக்கிழமை அவ வேலைக்குப் போன பிறகு பார்த்தால், நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி மேசையில் இருந்தது. மறந்து போனாவோ தெரியாது.

அதே காலை பிரகாஸ் அண்ணையிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, 'எங்கடை பேபியக்காவோ?' என்று கேட்டார். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அம்மாவின் வங்கிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மிச்சத்தை எப்படிக் கட்டுவது என்று பிறகு சொல்வாராம். 'பேபியக்கா வழமை போல வரட்டும். நீர் நாளையில இருந்து வரவேண்டாம்' என்றார். கதவு வரை போனவர் திரும்பி, 'அந்த நாப்பத்தொண்டையும் அந்தப் பிள்ளையின்ரை பேருக்கு மாத்திப்போட்டுப் போம்' என்றார். வாயால் சொல்வதை நம்பமாட்டேன் என்றவர்.

ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒவ்வொரு குறிப்பையும் திரும்ப வாசித்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. முகப்புப் பக்கத்தில் இருந்த வரியை அழித்தேன். இறாலை அவரே எடுத்துவிட்டார்.

தக்சாயினி: 44. இந்த மாத அறிக்கையை யார் அனுப்புவார்கள் என்று தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. பூசை முடிய நடந்தே போனேன். தாள் கொண்டு போகவில்லை. தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். விடுதியின் இரண்டாம் மாடி. நடையில் நின்று, எப்படித் தொடங்குவது என்று மூன்று வசனம் யோசித்தேன். மூன்றும் வடிவாக இருந்தன. விட்டுவிட்டேன். கதவைத் தட்டினேன்.

கேதீஸ்வரி அக்கா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து திறந்தா. உள்ளே மகள் கட்டிலில் சேலைகளை விரித்து வைத்திருந்தாள்.

'ஆர் பிள்ளை நீர்?'

'தக்சாயினி சொல்லி வந்தனான்.'

என்னை மேலும் கீழும் பார்த்தா. 'எந்தத் தக்சாயினி? என்ரை தம்பியின்ரை மனிசியோ?'

'ஓம்.'

கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றா. பிறகு கையை எடுத்தா.

'அப்ப உள்ளை வாரும்.'

செருப்பைக் கழற்றி வெளியில் வைத்தேன். உள்ளே போய், கதிரை காட்டியபோது இருக்காமல், நின்றபடி ஜனவரியில் இருந்து சொல்லத் தொடங்கினேன்.